குளிர வைத்த விளக்கு

படிவத்தில் பதினேழாம் கேள்வி:
கடந்த மூன்று நாளில் வீட்டில் ஏதாவது புகைந்ததா?
சிகரெட், சுட்ட இறைச்சி, கொசுவத்தி,
ஊதுவத்தி, சாம்பிராணி, கற்பூரம்.
கடைசி மூன்றையும் சேர்த்தது நான்தான்.
எண்ணூர்க்காரி, மறக்க வருமா?

டர்பன், மெரிபேங்க். கூரைகளுக்கு மேல்
சுத்திகரிப்பு ஆலையின் சுடர்,
பகலில் வெளிறி, இரவில் சிவந்து.
துணி காயும் கம்பியை
கைக்குட்டையால் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.
கறுப்பு. அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

நீலாவதி ரெங்கசாமி, நாற்பத்து மூன்று வயது.
அவளிடம் மிஞ்சிய தமிழ்
விளக்கு, கற்பூரம், அரோகரா,
பிறகு இரண்டு வசவு.
மற்றதெல்லாம் ஆங்கிலம்.
என் மூத்திரத்தில் ஆலையின் பெயர் எழுதியிருக்குமா
என்று கேட்டாள்.

இருக்காது.
உள்ளே போன புகையை உடம்பு கரைத்துக் கழுவி
வெளியே தள்ளும்போது ஒரு துணுக்கு வரும்,
ஹைட்ராக்ஸிபைரீன் என்று பெயர்.
அதைத்தான் அளப்போம்.
எந்தப் புகை என்று அது சொல்லாது.
ஆலைக்கும் ஆண்டவனுக்கும்
அதற்கு வித்தியாசம் தெரியாது.

அவள் சிரிக்கவில்லை.
எத்தனை நாள் தங்கும் என்றாள்.
பழையது மூன்று நாளில் போய்விடும் என்றேன்.
சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி
விரல் மடக்கினாள்.

புதன்கிழமை விடியலில் போனேன்.
ரொட்டித் தாளில் சுற்றிய குடுவை
பையனின் நீல இன்ஹேலருக்குப் பக்கத்தில்,
இன்னும் வெதுவெதுப்பாக.
பூஜை அலமாரியில் முருகன் இருட்டில்.
ஞாயிறிலிருந்து இருட்டில்.
கல்யாணமான நாள் முதல் ஒரு பொழுதும் விட்டதில்லையாம்.
பிரசவத்துக்குப் போனபோதுகூடப்
பக்கத்து வீட்டு ஃபாத்திமா வந்து ஏற்றினாளாம்.

அணைத்துவிட்டாள் என்று எழுதக் கூடாது,
என் அம்மா வாயிலேயே போடுவாள்.
குளிர வைத்தாள்.

நாளைக்கு அவர்கள் வக்கீல்
சாமியைக் கை காட்டுவான்,
அதற்கு நான் இடம் கொடுப்பேனா?
ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.
என் காதில் தமிழாகத்தான் விழுந்தது.

ஏழு மாதம் கழித்து நகராட்சிக் கூடத்தில்
டை கட்டிய நிபுணர் கேட்டேவிட்டார்:
இந்துக் குடும்பங்கள், வீட்டு வழிபாடு,
அதைக் கணக்கில் எடுத்தீர்களா?
நாற்பத்தொன்றாம் தாளைப் புரட்டினேன்.
பதினேழு: இல்லை, இல்லை, இல்லை,
இல்லை, இல்லை, இல்லை.
அளவு மட்டும்
மேட்டுப் பகுதிச் சராசரியைப்போல் இரண்டு மடங்கு.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஒரு பெண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.
அதுவும் சரிதான்.
அறிவியல் எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தது.

வெளியே வந்தேன். சுடர் எரிந்துகொண்டிருந்தது.
விளக்கென்றால் ஒரு பூ போதும் குளிர வைக்க.
இதற்கு எவ்வளவு பெரிய பூ வேண்டும்?

அந்தப் புதன்கிழமை
லேபிள் ஒட்டி, நேரம் குறித்து,
பனிக்கட்டிப் பெட்டியை நான் மூடும்வரை
தீப்பெட்டியோடு நின்றிருந்தாள்,
சன்னதியில் உத்தரவு கேட்பவள்போல.
இப்போது ஏற்றலாமா?

கையுறையைக் கழற்றாமலே
தலையாட்டினேன்.