ஒரு கூடை குறைவு

பொய்கை அணைக்குப் போகும் தடத்தில்
நூற்றுப் பதினேழாம் காற்றாலைக்குக் கீழே
ஐந்தடி ஆழம், மூன்றடி அகலம்.
ஞானதாஸ் இரண்டு மணிக்கூர் வெட்டினார்.
கடப்பாறை ஒருமுறைகூடக் கல்லில் முட்டவில்லை.
மலைச்சரிவுதானே, அரையடியில் பாறை வந்துவிடும் என்று
சாப்பாடுகூடக் கட்டாமல் வந்திருந்தோம்.

எனக்கு ஊர் அருமனைப் பக்கம்.
ரப்பர் சருகுக்கடியில் எப்போதும் ஈரம்;
எங்கள் செம்மண் துணியில் பட்டால் போகாது.
அங்கே மழையை இறக்கிவைத்துவிட்டுத்தான்
இந்தக் காற்று கணவாய் வழியே
வெறுங்கையோடு ஆரல்வாய்மொழிக்கு வருகிறது.
ஆனி மாதம்.
படிவத்தை முழங்காலால் அமுக்கிக்கொண்டு எழுதினேன்.

குழிக்குள் இறங்கினால் காற்று இல்லை.
தலைக்கு மேல் ஆறு ஓடுவதுபோல் சத்தம் மட்டும்.

முதல் ஒரு சாண் பழுப்பு.
கொழுக்கட்டைப் புல்லின் வேர்கள் சல்லடையாய்.
வண்டு உருட்டி வந்து புதைத்த ஆட்டுப் புழுக்கை
பாதி மண்ணாகி,
பாதி இன்னும் புழுக்கையாகவே.
அதன்கீழ் நிறம் மெல்ல மாறுகிறது.
எந்த இடத்தில் என்று கோடு போடச் சொல்கிறது படிவம்.
கத்தியால் கீறிப் பார்த்து முப்பத்திரண்டு என்றெழுதினேன்.
அடித்துவிட்டு, முப்பத்தெட்டு.
மண்ணுக்கு அப்படியொரு எண்ணமே இல்லை.

மூன்றரை அடியில் விரல் குளிர்ந்தது.
கார்த்திகையில் பெய்தது, ஏழு மாதமாய்
யாருக்கும் சொல்லாமல் இங்கே இருக்கிறது.
அதைக் குடித்துக்கொண்டு ஓர் உடைமர வேர்.
மேலே மரத்தை வெட்டி விறகாக்கிவிட்ட சேதி
இன்னும் இவ்வளவு தூரம் வந்து சேரவில்லை.

அடியில் சுண்ணாம்புக் கட்டிகள்.
அமிலம் ஒரு சொட்டு விட்டேன்:
பன்னீர் சோடா திறந்த சத்தம்.

நிமிர்ந்தால் குழி விளிம்பில் பன்னிரண்டு தாடிகள்.
ஆடுகளுக்குப் பின்னால் சுடலைவடிவு,
என் வயதுதான் இருக்கும், தோளில் தொரட்டி.
"ஆரைப் புதைக்கப் போறிய?"
"மண்ணைப் பாக்கோம்."
"மண்ணு மேலயேதான கெடக்கு?"

களியா, மணலா? விடை வேண்டும் எனக்கு.
நனைத்து உருட்டி, கட்டைவிரலால் தள்ளி நாடாவாக்கினேன்.
ஓரங்குலத்தில் முறிந்தது.
அவளும் ஒரு பிடி அள்ளி
மூடினாள், திறந்தாள், சுண்டினாள்.
"புட்டுமாவுப் பதம்.
பிடிச்சா பிடி, உதுத்தா உதிரி."

பசளை மண். ஆழம் மிகுதி. வடிகால் நன்று.
மேய்ச்சலுக்கு ஏற்றது.
ஆடுகளுக்கு இதை நான் வாசித்துக் காட்டவில்லை.
அவை ஏற்கெனவே மேய்ந்துகொண்டிருந்தன.

மூடாமல் போகவிடவில்லை அவள்.
போன வருசம் யாரோ டவருக்குத் தோண்டிப் போட்ட குழியில்
சினையாடு ஒன்று விழுந்து
விடிய விடியக் கத்தியிருக்கிறது.
கடைசியாக எடுத்ததை முதலில் தள்ளி,
முதல் சாணைக் கடைசியில் பரப்பி
மூன்று பேருமாக மிதித்தோம்.

நிரம்பவில்லை.
மனை பார்க்கிறவர்கள் சொல்வது உண்டு:
தோண்டிய மண் மிஞ்சினால் ஆதாயம், குறைந்தால் சேதம்.
ஞானதாஸ் அதைச் சொல்லத் தொடங்கி
சுடலைவடிவின் முகத்தைப் பார்த்து
இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஒரு கூடை குறைவு.
நாலு பை என் சாக்கில் இருக்கிறது, சரி.
மற்றது?
மத்தியானம் முழுக்கக் குவியலின் நுனியைக்
காற்று கொஞ்சம் கொஞ்சமாய் நக்கியிருக்கிறது,
நயமான பொடியாகப் பார்த்து.
இந்நேரம் பணகுடியில் யார் சோற்றிலோ.

"மழை வந்தா இந்தக் குண்டுலதான் முதல்ல நிக்கும்"
என்றாள் சுடலைவடிவு,
நல்லதா கெட்டதா என்று சொல்லாமல்.
ஆடுகள் அதன்மேல் நடந்து போயின.

குறைந்த மண்ணுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
நாகர்கோவில் பஸ்ஸில்
காதுக்குள் குறுகுறுக்க, சுண்டுவிரலால் குடைந்தேன்.
நகக்கண்ணில் பழுப்பு.
பார்த்ததும் தெரிந்தது:
முதல் சாண்.