திமிங்கிலம் மட்டும் வரவில்லை

பூந்தா அரேனாஸில் ஜூன்.
ஐந்து மணிக்கே இருட்டி, ஜலசந்திக் காற்று
தகரக் கூரையை இழுத்துப் பார்க்கிறது.
ராய்னேரியோ போனில் சொன்னான்:
"இஸ்மேனியா, சேமிப்பகம் செத்துப்போச்சு."

சாகவில்லை.
செத்தது எதுவும் தன் கோப்புகளின் பெயர்களை
இத்தனை மரியாதையாகச் சொல்லாது.
பட்டியல் கேட்டேன், வந்தது.
படகுக் குறிப்பைக் கேட்டேன், வந்தது:
"அலை இரண்டு மீட்டர். காப்பி தீர்ந்தது."
மார்ச் பதினேழின் நீலத் திமிங்கிலம்,
நாற்பது ஜிபி ஒலிப்பதிவு,
அதைத் தொட்டால்தான்
திரை கல்லாகிறது.

பதிவேட்டில் ஒரே வரி:
சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்.
கீழே அதே வரி.
அதற்கும் கீழே.

"அணைத்துப் போடேன்" என்கிறான் ராய்னேரியோ.
மாட்டேன்.
மூன்று வருடம் முன்பு இணைப்பு அமைப்பில்
"விடாதே" என்று எழுதியது நான்தான்.
வேறு மாதிரி எழுதியிருந்தால்
பிழை என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கும்,
பாதிக் கோப்பை நம் கையில் திணித்துவிட்டு.
இது நிற்கிறது. நிற்கட்டும்.

அனுமதிப் பட்டியல் சரி.
தீச்சுவர் சரி.
பயனர் எண்கள் இரு பக்கமும் ஒன்றே.
வட்டுகள் பன்னிரண்டும் பச்சை.
குளிரில் விரல் விறைத்து ஒரே கட்டளையை
மூன்று முறை தப்பாக அடித்தேன்.

பிறகுதான் பொட்டலங்களை அளந்து அனுப்பத் தோன்றியது,
துண்டாக்காதே என்ற முத்திரையோடு.
1472 பைட்: போய்த் திரும்பியது.
8972: எதுவும் இல்லை.
தொலைந்தேன் என்றுகூடச் சொல்லாமல்
நடுவழியில் யாரோ
பெரிய மூட்டைகளை மட்டும் கீழே போடுகிறார்கள்.

இரண்டாம் ரேக்கின் பின்னால் மண்டியிட்டேன்.
அங்கே நான் வாங்காத ஒரு ஸ்விட்ச்,
எண்ணெய்ப் பிசுக்கோடு.

எவுதோசியோ மான்சியாவை எழுப்பினேன்.
"பழையது மத்தியானம் புகைஞ்சுது.
கேன்டீன் கேமராவில இருந்ததைக் கழட்டி மாட்டினேன்.
விளக்கு எரிஞ்சுதே!"
எரிந்தது. ஒவ்வொரு விளக்கும் எரிந்தது.
அவரிடம் கோபப்பட முடியவில்லை;
நானும் முதல் ஒரு மணி நேரம்
விளக்குகளைத்தான் நம்பினேன்.

இரு முனைகளிலும் 9000 என்பதை
1500 ஆக்கினேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
ராய்னேரியோ மூச்சுவிடுவது போனில் கேட்டது.
ஒரு நிமிடம். ஒன்றரை.
சந்தேகம் வரப்போகிற நேரத்தில்

சர்வர் சரி

என்றது திரை, ஒரு நன்றியும் எதிர்பாராமல்.
நின்ற பைட்டிலிருந்தே
கோப்பு நகரத் தொடங்கியது.

அந்தக் குரல் மனிதக் காதுக்கு எட்டாத ஆழம்.
பத்து மடங்கு வேகமாக்கி ஓட்டினான்.
கதவு கீல் முனகுவதுபோல் ஏதோ.
"இதுதானா?" என்றேன்.
"இதேதான்," என்றான், குரல் கம்மி.

ஸ்விட்ச் மேல் நாடா ஒட்டி எழுதினேன்:
சின்ன வாய். திங்கட்கிழமை மாற்றவும். இஸ்மேனியா.

கேன்டீன் கேமரா
இன்னும் இருட்டைத்தான் காட்டுகிறது.
அது நாளைக்கு.