எடை மேடையில் நுண்கணிதம்

மைனாட் நகருக்கு வடக்கே பதினொரு மைல்.
தானியக் கிடங்கின் எடை மேடை அறையில்
ஹீட்டர் ஒன்று, ஜன்னல் ஒன்று, நான்.
லாரி ஏறும். எண் கொஞ்சம் ஆடும், பிறகு நிற்கும்.
ரசீது கிழித்து நீட்டுவேன்.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
நாற்பத்தாறு வயதில்
தொகையிடக் கற்றுக்கொள்கிறேன்.

முதல் பருவம் அவ்வளவு கஷ்டமில்லை.
ஒன்றைத் துண்டு துண்டாக்கிப் பார்ப்பதில்
எனக்கு முன் அனுபவம் உண்டு,
கோர்ட்டு முத்திரையோடு.
இரண்டாம் பருவம்தான் திரும்பச் சேர்க்கச் சொல்கிறது.
சேர்த்த பின் கடைசியில்
ஒரு மாறிலியும் போடச் சொல்கிறது:
என்ன தொலைந்தது என்று தெரியாததற்கு
ஓர் எழுத்து.
அதை மறந்து மறந்தே
பதினான்கு மதிப்பெண் போயிற்று.

பேராசிரியர் ஆஸ்டர்ஹவுஸை நேரில் பார்த்ததில்லை.
என்றோ பதிவுசெய்த வீடியோவில்
அதே சாம்பல் ஸ்வெட்டர், அதே இருமல்.
பகுதி தொகையிடல் பாடத்தில், முப்பத்தோராம் நிமிடம்,
எங்கோ ஒரு நாய் குரைக்கும்.
தூக்கிய சாக்பீஸோடு நிற்பார், அது ஓயும்வரை.
அந்த இடத்தை ஆறு தடவை பார்த்தேன்,
நாய்க்காக அல்ல, அதற்கு அடுத்த வரிக்காக.
ஆறாவது தடவை
குரைக்கப்போவது எனக்கு முன்கூட்டியே தெரிந்தது.
அடுத்த வரி அப்போதும் புரியவில்லை.
இரவு இரண்டு மணிக்கு எழுதிக் கேட்டேன்:
அந்த நாயின் பெயர் என்ன?
மூன்றாம் நாள் பதில் வந்தது:
அது பக்கத்து வீட்டு நாய்.
நான்காம் கணக்கில் உங்கள் குறி தப்பு.

இடைத்தேர்வை இங்கேதான் எழுதினேன்,
மூடியிருந்த ஒரு சனிக்கிழமை.
வீட்டு இணையத்தை நம்ப முடியாது.
கண்காணிக்கும் மென்பொருள்
அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது.
மடிக்கணினியை ஏந்தி, நின்ற இடத்திலேயே திரும்பினேன்:
விதைக் கம்பெனி காலண்டர், பூட்ஸ், அணைத்துவைத்த வாக்கி டாக்கி,
பனி ஒட்டிய ஜன்னல், மறுபடி காலண்டர்.
ஒரு கோட்டைச் சுற்றி எதைச் சுழற்றினாலும்
ஒரு கனவடிவம் கிடைக்கும், கொள்ளளவு காண்க
என்பதுதான் அந்த வாரப் பாடம்.
இது எவ்வளவு கொள்ளும் என்று
ஒரு கணம் நானும் யோசித்தேன்.
மூன்றாம் கேள்வியில் ஹார்ன் சத்தம்.
விர்ஜில் கனூட்சன். சூரியகாந்தி விதை.
போர்டை அவன் என்றைக்குப் படித்தான்?
ஜன்னல் பக்கம் கையசைத்தேன்: போ, திங்கட்கிழமை வா.
பார்வை திரையை விட்டு விலகியது, பதினொரு நொடி
என்று பதிவாயிற்று.

கடைசிக் கேள்வி:
ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று,
இப்படியே முடிவில்லாமல் கூட்டினால்?
சிறுத்துக்கொண்டே போவது
எங்கேயாவது நின்றுதானே ஆகவேண்டும்.
ஓர் எல்லைக்குள் அடங்கும் என்று எழுதினேன்.
தவறு. எட்டு மதிப்பெண்.

மகள் ரோவெனா அக்டோபரில் ஸ்போகேன் போனாள்.
முதல் ஞாயிறு ஒரு மணி நேரம் பேசினாள்.
அடுத்தது அரை மணி.
பிறகு இருபது நிமிடம், பிறகு பதினைந்து.
நேற்று பன்னிரண்டு.
போனை வைத்த பிறகுதான் அந்த வரிசை உறைத்தது.

ரசீதின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.
மூன்றில் ஒன்றும் காலும் சேர்ந்தால் அரையைத் தாண்டும்.
அடுத்த நான்கும் சேர்ந்து இன்னொரு அரையைத் தாண்டும்.
அடுத்த எட்டும். அடுத்த பதினாறும்.
எந்த எண்ணைச் சொன்னாலும் ஒருநாள் கடந்துவிடும்.
அந்த ஒருநாள்தான் சிக்கல்:
மொத்தம் பத்து மணி நேரம் சேர
பன்னிரண்டாயிரத்து முந்நூற்று அறுபத்தேழு ஞாயிறு வேண்டும்.
இருநூற்று முப்பத்தேழு வருடம்.

பரவாயில்லை.
கணக்குப்படி அடுத்த வாரம்
எனக்குப் பத்து நிமிடம் பாக்கி.

விர்ஜில் மேடையில் ஏறிவிட்டான்.
எண் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.