இருபதடி மலை

திருத்துறைப்பூண்டியில் வண்டி ஓட்டப் பழகியவளுக்கு
இரண்டாம் கியர் என்பது
ரயில்வே கேட் வரைக்கும்தான்.
அதற்கப்புறம் பூமி
தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தது.
ஆறுகூட இங்கே
எந்தப் பக்கம் சாய்வதென்று
யோசித்துத்தான் போகும்.

பாலை, பனி, கொண்டையூசி வளைவு
எல்லாம் என் செல்போனில் இருந்தன.
அந்தச் சாலைக்காகப்
பதினோரு மாதம் சீட்டுக் கட்டினேன்.
பன்னிரண்டாம் மாதம்
தாளடி அறுப்பின் நடுவில்
மெஷினுக்கு பெல்ட் அறுந்தது.
கோதண்டம் ஒன்றும் கேட்கவில்லை.
நானாகத்தான் எடுத்துக் கொடுத்தேன்.
கொடுத்துவிட்டுப் பங்குனி வரைக்கும்
'உம்' மட்டும் கொட்டினேன்.

ஒரு ஞாயிறு விடியலில்
என் ஹெல்மெட்டைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு
வாசலில் நிற்கிறார்.
"மலை காட்டுறேன், வா.
நீ ஓட்டு. நான் பின்னாடி."

வாய்மேடு தாண்டும்போது
புயல் தலை கொய்த தென்னைகள்
இன்னும் நின்றுகொண்டிருந்தன,
யாரோ தொப்பி கொண்டுவரப் போயிருப்பதுபோல.
உளுந்து வயலில் வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது.
சேற்றில் அறுவடை மெஷினை
இறக்கி ஏற்றுகிற மனுஷன்
முள் அறுபதைத் தொட்டதும்
பின்கம்பியை இறுக்கிக்கொண்டு
ஊர் ஊராக உள்ள சாமியைக் கூப்பிடுகிறார்.

கரியாப்பட்டினத்தில் டீ.
கடைக்காரர் அவரிடம் கேட்டார்:
"புல்லட்டு என்ன மைலேஜ் குடுக்குது?"
"ஓட்டுறவங்களக் கேளுங்க."
கேட்கவில்லை.
முப்பத்தெட்டு என்று
சொல்லிவிட்டுத்தான் கிக்கரை மிதித்தேன்.

அகஸ்தியம்பள்ளிக்கு அப்புறம்
பச்சை முடிந்தது.
சொல்லிக்கொள்ளாமல் முடிந்தது.
இரண்டு பக்கமும் வெளுத்த தரை, வெடித்த தரை,
எது பாத்தித் தண்ணீர்
எது கானல் என்று பிரியாத வெளி.
ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு என்னையே சுட்டது.
அப்போது தெரிந்தன.
வரிசையாக, வெள்ளையாக,
முதுகுக்குக் கீற்றுப் போர்த்திக்கொண்டு,
மலைகள்.

"கியரக் குறை," பின்னாலிருந்து குரல்,
"ஏத்தம் வருது."
சாலை அடிக்கோல் வைத்துக் கிழித்த கோடாகக் கிடந்தது.
குறைத்தேன்.
வண்டியும் நம்பிவிட்டது;
ஏறுகிற மாதிரியே உறுமியது.

பாத்தியில் பலகை இழுத்துக்கொண்டிருந்தார் அஞ்சம்மாள்.
"ஏறிப் பாக்கலாமா?"
"ஏறுங்க. செருப்பக் கழட்டிடுங்க, ஊரே திங்கிற சாமான்.
காலுல பித்தவெடிப்பு இருக்கா?"
"இருக்கு."
"அப்பச் சீக்கிரம் எறங்கிடுவீங்க."

ஒரு காலடி வைத்தால் அரையடி சரிந்தது.
கல்லுக்கல்லாகக் குத்தியது.
உச்சியில் காற்று,
காற்றில் கடல்,
தெற்கே கோடிக்காட்டின் கருத்த கோடு.
என் வண்டி ஒரு வண்டு.
அதன் பக்கத்தில் கோதண்டம்
லென்ஸை விரலால் மூடியபடி
என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.
எண்ணிப் பார்த்தேன்,
எரிச்சல் தலைக்கு ஏற நாலு நிமிஷம்.
இறங்கும்போது அஞ்சம்மாளின் கால்களைப் பார்த்தேன்.
விடிகாலை நாலு மணியிலிருந்து நிற்கிறாராம்.
எத்தனை வருஷமாக என்று கேட்க வாயெடுத்து
தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.
பாதி குடித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

கோடியக்கரை வழியில்
ஒரு மட்டக்குதிரை நடுரோட்டில்.
ஆரன் அடிக்கவில்லை.
அது நகர்கிற வரைக்கும்
இஞ்சினை அணைத்துவிட்டுத்
தக்காளிச் சோறு தின்றோம்.
உப்பு கம்மி என்றார்.
இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"உப்புக் காத்து பட்ட வண்டி,
இன்னைக்கே கழுவிடணும்."
இருட்டில் போர்செட் ஓட
அவர் செயினுக்கு மண்ணெண்ணெய் போட்டார்.
நான் வாய்க்காலில் காலை விட்டேன்.
நல்ல தண்ணீரிலும் எரிந்தது.

நூற்றிரண்டு கிலோமீட்டர்.
ஏற்றம், இருபதடி.
நாளைக்குப் புதுச் சீட்டு ஆரம்பிக்கிறார்கள்;
இரண்டு பேர் கொடுத்திருக்கிறேன்,
ஒன்று அவருக்குத் தெரியாமல்.