எதிரே வருகிறவன்

பெர்லி வே பெற்றோல் நிலையத்தில்
இரவு பதினொன்றுக்குக் கதவைப் பூட்டிவிடுவோம்.
பிறகு கண்ணாடிக்குக் கீழே ஓர் இழுப்பறை மட்டும்,
காசு வரும், சிகரெட் போகும்.

வியாழன் இரவுகளில்
ரசீதுச் சுருளை நீளமாகக் கிழித்து
இருபது அணிகளின் தடுப்பு வரிசைக்கும்
ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போடுகிறேன்.
எங்கள் கற்பனை லீக்கில் பன்னிரண்டு பேர்,
எல்லோரும் இரவு வேலை,
எல்லோருக்கும் வெள்ளிக்குள் எண் வேண்டும்.

தடுக்கிறவர்களை நான் பார்ப்பதேயில்லை.
உயரமா, நிதானமா,
போன கிழமை கோட்டில் நின்று தலையால் முட்டினானா,
அது வேறு கணக்கு.
நான் பார்ப்பது எதிரே வருகிறவனை.
கடைசி ஆறு ஆட்டத்தில் எத்தனை அடித்தான்,
எத்தனை அடித்திருக்க வேண்டும்.
கம்பத்தில் பட்டுத் திரும்பியதற்கும் பாதி மதிப்பு உண்டு.
யாருக்கு எதிராக அடித்தான்?
ஓட்டைக் கூடைக்குள் போட்ட பந்துக்கு
முழு மார்க் கிடையாது.
போன ஆட்டத்துக்கு எடை அதிகம்,
ஆறு கிழமைக்கு முந்தியதற்குத் தூசி அளவு.
தடுப்பவர்களின் சொந்தத் திடல் என்றால் அரைப் புள்ளி கழி.
அடிக்கிறவன் முழங்காலில் ஐஸ் கட்டியிருந்தால்
இன்னும் கொஞ்சம்.
மிஞ்சியது இரண்டுக்குக் கீழா, பச்சைப் பேனா.
நாலுக்கு மேலா, சிவப்பு.
நடுவில் கிடப்பதையெல்லாம் பென்சிலால் எழுதுவேன்,
அழிக்க வசதி.

பகீரதன் ஸ்ட்ரெத்தம் கடையிலிருந்து அழைத்தான்.
"அண்ணை, அஞ்சு ஆட்டமா ஒரு கோலும் விடாத ரீமுக்கு
சிவப்பில அஞ்சு போட்டிருக்கிறியள், கண் தெரியேல்லையோ?"
"அது அவங்கட குறையில்லையடா.
சனிக்கிழமை ஆர் வாறானெண்டு பார்."

இரண்டே காலுக்கு நாலாம் பம்பில் ஒரு வெள்ளை வான்.
தொப்பி. கை பொக்கெற்றுக்குள்.
நேராக வராமல் ஐஸ் பெட்டியைச் சுற்றி வருகிறான்.
என் பன்னிரண்டு வருட அனுபவத்தை யார் கேட்டது,
நாலரை என்று மனதுக்குள் போட்டேன்.
கால் அலாரப் பொத்தானைத் தேடியது.
உப்பும் வினிகருமா, சீஸும் வெங்காயமுமா என்று
மழையில் நின்று நாலு நிமிடம் யோசித்தான்.
கடைசியில் இரண்டும் வாங்கினான்.

சனிக்கிழமை சிவப்பு சரியாகத்தான் போனது,
பகீரதனின் ரீம் இரண்டு வாங்கியது.
அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.
பச்சை போட்டது மூன்று வாங்கியது.
அதற்கு ஒன்பது பேர் அழைத்தார்கள்,
துஷ்யந்தி அக்கா இரண்டு தரம்.
எழுபதாம் நிமிடத்தில் இறங்கிய பெடியன், வயது பத்தொன்பது,
கடைசி இரண்டும் அவன் அடித்தது.
என் சுருளில் அவனுக்குப் பெயரே இல்லை.

இந்த வியாழன் அவனுக்கு ஒரு வரி திறந்திருக்கிறேன்.
இருபது நிமிடம், இரண்டு கோல்.
இருபது நிமிடத்துக்கு என்ன எடை கொடுப்பது?
பென்சிலைச் சீவிக்கொண்டு இருக்கிறேன்.
மூன்றாம் பம்பில் யாரோ ஹோர்ன் அடிக்கிறார்கள்.