தலை தட்டிய மரக்கால்

அலபாமாவின் மலையடிவாரம்.
போர் முடிந்து முதல் குளிர்காலம்.
கூரை எரிந்த ரயில் கொட்டகையில்
சனிதோறும் மக்காச்சோளம் அளக்கிறேன்.

தலை தட்டி அளக்கவும் என்பது மேலிடத்து உத்தரவு.
அதற்கென்றே ஒரு கட்டை அனுப்பியிருந்தார்கள்,
முத்திரை குத்தி.
மரக்காலின் வாயில் அதை இழுக்கும்போது
வரிசையின் கண்களும் கூடவே நகரும்,
இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு.

வரிசை என்றா சொன்னேன்? இரண்டு.
யாரும் கயிறு கட்டிப் பிரிக்கவில்லை.
போன வருஷம்வரை விலைபோனவர்கள் வெயிலில்,
ஒருவரையும் விலைக்கு வாங்க வக்கில்லாத வெள்ளைக்காரர்கள் நிழலில்.
இங்கிருந்து ஒருவர் அங்கிருந்து ஒருவர் என்று கூப்பிட்டேன்.
முதல் வாரம் என்மேல் கல் விழுந்தது.
இரண்டாம் வாரம் விழவில்லை,
மூட்டை குறைவாக வந்திருந்தது.

பேர்?
ஸில்ஃபா.
குடும்பப் பேர்?
எசமானுடையது வேண்டாம்,
வேறொன்று இன்னும் யோசிக்கவில்லை என்றாள்.
கட்டத்தைக் காலியாக விட்டேன்.
பிள்ளைகள்?
ஐந்து.

ஐந்துக்கு அளந்தேன். தலை தட்டி.
கட்டை தள்ளிய மணிகளைப் பெர்மீலியா ஹாக்கின்ஸ்
மண்டியிட்டுப் பொறுக்கினாள்.
சாம்பல் நிறச் சீருடையில்
இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவள்.
அவள் எழுந்தபின் கோழிகள் வந்து பார்த்துவிட்டுப் போயின.

ஜூலைக் கடைசியில் தணிக்கை.
பொய்க்கணக்கைக் களையச் சொல்லிக்
குதிரையும் பென்சிலும் தந்தார் கேப்டன்.
பதினெட்டு மைல், இரண்டு ஓடை, ஸில்ஃபாவின் குடிசை.
வாசலில் மூன்று பிள்ளைகள்.
எண்ணினேன்.
மறுபடியும் எண்ணினேன், சின்னதை நகரச் சொல்லி.

மற்ற இரண்டும்?

பின்பக்கம் கூட்டிப் போனாள்.
தோளுக்கு மேல் மக்காச்சோளம்,
கதிர் பிடித்து, நுனிப்பட்டு கறுத்து.
"ஏப்ரல்ல காய்ச்சல் கொண்டுபோயிருச்சு.
அவங்க பங்க நாங்க தின்னல.
ஊனிட்டோம்."

படிவத்தில் விதைக்குக் கட்டம் கிடையாது.
இருப்போர், இறந்தோர், இடம்பெயர்ந்தோர்,
அவ்வளவுதான்.
பென்சில் முனையை நாக்கில் தொட்டபடி நின்றேன்.
ஈயத்தின் ருசி.

அதற்குள் அரசாங்கக் குதிரை
வேலிக்கு மேல் கழுத்தை நீட்டி
ஒரு தோகையை இழுத்துக் கிழித்தது.
மூக்கிலேயே ஓர் அறை வைத்தாள்.

அது பின்வாங்கியது.
நானும்.

சேணத்தில் ஏறிக்கொண்டு கேட்டேன்:
அந்தக் குடும்பப் பேர்?

கதிர் முத்தட்டும் என்றாள்,
குதிரை மேலிருந்து கண்ணை எடுக்காமல்.