இருபத்தொரு நாள்

நகராட்சிக் கட்டடத்தின் அடித்தளத்தில்
சன்னல் கிடையாது.
வெளியே கிளைட் ஆறு ஏறுகிறதா இறங்குகிறதா
எங்களுக்குத் தெரியாது.
இங்கேதான் நான், ரோனா கால்பிரைத்,
பதினான்கு வருஷமாகத் தபால் பிரிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மேலிருந்து இறங்கின
மூவாயிரத்துச் சொச்சம் கடிதங்கள்.
மூன்றாய் மடி,
முகவரி கண்ணாடித்தாளில் தெரியட்டும்,
வாசிக்காதே என்றார் மேலாளர்.
மடிப்பு இயந்திரம் வாசிக்காது.
பதினொரு மணிக்கு அது சிக்கிக்கொண்டது.
அப்புறம் கையால் மடித்தேன்.
கைக்குக் கண் உண்டு.

"சம வேலைக்குச் சம ஊதியம் தொடர்பாக"
என்று தொடங்கி
"முழுமையான, இறுதியான தீர்வாக"
என்று முடிகிறது.
நடுவில் ஒரு தொகை.
அதன் கீழே இருபத்தொரு நாள் கெடு.
அதற்கும் கீழே புள்ளிக் கோடு.

பெயர்கள் தெரிந்த பெயர்கள்.
நெட்டா பர்டி, வீட்டுப் பராமரிப்பு.
விடிவதற்கு முன்னே
நனைந்த படுக்கைகளில் கிடப்பவர்களைப்
புரட்டித் துடைத்து, சட்டை மாட்டி,
கஞ்சி ஊட்டி, மாத்திரையை எண்ணி வைப்பவள்.
ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிஷம்.
வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நனைந்துகொண்டே நடக்கும் நேரம்
அவளுடைய சொந்த நேரமாம்.

குப்பை லாரி ஆட்கள்
சுற்றைச் சீக்கிரம் முடித்தால் போனஸ்.
நெட்டா சீக்கிரம் முடித்தால்
யாரோ ஒருவர் பாதிக் கஞ்சியோடு
வாய் திறந்தபடி இருப்பார்.
ஆகவே அவளுக்குப் போனஸ் இல்லை.

லாரிக்காரர்களை நான் குறை சொல்லவில்லை.
அதில் ஒருவன் என் கணவன் லாக்லன்.
எங்கள் சமையலறைத் தரை
அந்தப் போனஸில் பதித்தது.

எஃபி மக்காஸ்கிலுக்கும் ஒரு கடிதம்.
பள்ளி நடைகளைத் துடைத்தவள்.
பிப்ரவரியில் போய்விட்டாள்,
அனுதாப அட்டையில் நானும் கையெழுத்திட்டேன்.
அன்புள்ள எஃபி,
இருபத்தொரு நாளுக்குள்.
அதையும் மூன்றாய் மடித்தேன்.
வேறெப்படி மடிப்பது?

ஜி வரிசையில் என் பெயர் வந்தது.

தேநீர் இடைவேளையில்
கிழிந்த உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
ஒன்பதாயிரத்து நானூறு பவுண்டு.
பதினான்கு வருஷம்.
விடுமுறையும் காய்ச்சல் நாளும் கழித்து
ஒரு நாளைக்கு
இரண்டு பவுண்டு தொண்ணூற்றிரண்டு பென்ஸ்.
பேருந்தில் வேலைக்கு வரலாம்.
வீட்டுக்கு நடந்து போகணும்.

வாங்காதீர்கள், வழக்கில் இன்னும் வரும் என்கிறது சங்கம்.
மூன்று வருஷம் ஆகலாம், நாலும் ஆகலாம்.
காத்திருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும்.
நெட்டா வீட்டில்
பாய்லர் நின்று மூன்று வாரம்.
வாங்கிக்கொள்வாள். அவளை எதுவும் சொல்லாதீர்கள்.

ஒப்பமிட்டால் ஒப்புக்கொண்டதாகுமாம்.
எதை?
அவர்களுக்கு நாங்கள் ஒப்பு என்பதையா,
இத்தனை நாளும்
ஒப்புக்கு வைத்திருந்தார்கள் என்பதையா?

என் கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம்,
வீடு மூன்று தெரு தள்ளி.
விதி விதிதான்.
இரண்டாம் வகுப்புத் தபால் முத்திரை குத்தி
மற்றவர்களுடைய கடிதங்களோடு
என்னையும் மூட்டையில் போட்டேன்.

வியாழக்கிழமை கதவுத் துளை வழியே விழுந்தது.
லாக்லன்தான் எடுத்தான்.
"யாரோ கோணலாய் மடித்திருக்கிறார்கள்"
என்றான்.
பிரித்து வாசித்தான்.
இன்னொரு தரம் வாசித்தான்.
நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.
அவன் எதுவும் பேசவில்லை,
காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
அந்தத் தரைமேல்
வெறுங்காலோடு நடந்து போனான்.

பேனா குளிர்பெட்டியின் மேல் இருக்கிறது.
இன்றைக்கு ஒன்பதாம் நாள்.